விடுங்க சாரும் என் சும்மாடும்

உலகத்தில் உள்ள மொத்தப் பயத்தில் பாதியை ஒரே ஆள் குத்தகைக்கு எடுத்திருந்தார் என்றால், அது எங்கள் விடுங்க சார்தான். மாற்றலாகி மலைக்கு வந்த அன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டே கடந்தார். வளப்பூர் நாட்டில் பஸ் நின்று கண்டக்டர் தோளைத் தட்டிய பிறகும், "நின்னுருச்சுங்களா, நெசமாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாராம்.

ஆபீஸில் குமாஸ்தா. ஒரு காலத்தில் பளு தூக்கியவர். வாடகை வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, இரும்புக் கம்பியும் ரப்பர் வட்டுகளும் வைத்து, ஒலிம்பிக்கில் தூக்குவார்களே, அந்த முறையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இவருக்கு எதற்கு இந்த வேலை என்று ஊரே சிரித்தது. செல்போனில் நாலு வீடியோ பார்த்த தைரியத்தில் நானும் போய்ச் சேர்ந்தேன். முப்பத்தைந்து வயது. பலாப்பழம் சுமந்தே வளர்ந்த கழுத்து, அந்தத் திமிர் வேறு.

முதல் நாள் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஸ்னாட்ச் என்றால் தரையில் கிடக்கும் கம்பியை ஒரே மூச்சில் தலைக்கு மேலே கொண்டுபோவது என்றார் சார். தலைக்கு மேலே என்றதும் நான் துண்டைச் சுருட்டி, சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க, அது எதுக்குங்க?"

"பாரம் எறக்கணுமில்லீங்க சார்."

"தலையிலயா?" என்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. மலைக்காரன் தூக்கிய பாரத்தைக் கீழே போடமாட்டான். போட்டால் பழம் வெடிக்கும், மூட்டை கிழியும். கால் சறுக்கினாலும் பாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் விழுவான். கம்பியை அப்படிப் பிடித்தால் கழுத்து போய்விடும்.

அதனால் மூன்று மாதம் வெறும் மூங்கில் கம்புதான். பின்னால் சாய்ந்தால் பின்னால் விட்டுவிட்டு முன்னால் தாவணும். முன்னால் சாய்ந்தால் முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் தாவணும். "விடுங்க, விடுங்க, விடுங்க" என்று சார் கத்திக்கொண்டே இருப்பார்; அவருக்கு அந்தப் பேர் வந்ததே அப்படித்தான். ரோட்டில் மரவள்ளி மூட்டையோடு போன ஒருவர் அந்தச் சத்தத்தில் மூட்டையைப் போட்டுவிட்டு எங்களோடு சண்டைக்கு வந்தார்.

ஒருநாள் நாற்பது கிலோ ஏற்றினார்.

"வந்தா சந்தோசமுங்க. வரலைன்னா விட்டுருங்க. ரெண்டுமில்லாம புடிச்சிக்கிட்டு நின்னீங்கன்னா, நாளையிலிருந்து கொட்டகையைப் பூட்டிருவேன் சாமி."

கம்பி உடம்பை ஒட்டிக்கொண்டு மேலே போனது. அதற்குக் கீழே குந்தினேன். கை விறைத்து நின்றது. எழும்போது பாரம் மெதுவாகப் பின்னால் சாய்ந்தது. விடணும் என்று தெரிகிறது, விரல் கேட்கவில்லை. கழுத்து தானாக விறைத்து, பாரத்தை வாங்கத் தயாராகிவிட்டது.

எதிரே நின்ற சார் கத்தவேயில்லை. பயத்தில் குரல் போய்விட்டது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அந்த வாயைப் பார்த்த பயத்தில்தான் நான் கையை விரித்தேன். கண்ணை மூடிக்கொண்டு முன்னால் தாவினேன். முதுகுக்குப் பின்னால் கொட்டகையே அதிர்ந்தது.

கண்ணைத் திறந்தால், சார் என் பனியனை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்திருக்கிறார். நடுங்குவது அவரா நானா என்று தெரியவில்லை.

"ஒண்ணும் ஆகலீங்க சார். விடுங்க," என்றேன்.

"செத்த நேரம் இருங்க," என்றார்.

அதற்கப்புறம் நானும் விடச் சொல்லவில்லை.