ஆறு மணி நேர விமானம்

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். அது இப்போது இல்லை. பல்லை மூடிக்கொள்ளுங்கள். முதலில் தராசுக்காரரின் சாமர்த்தியத்தைச் சொல்லியாக வேண்டும்.

கடை கடையாகப் போய்த் தராசு சரிபார்ப்பது அவர் தொழில். முள் ஒரு மயிரிழை விலகினாலும் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். சொந்த வீட்டிலோ மாதம் ஐந்து மணி நேரத்தைச் சத்தமில்லாமல் அமுக்குவார். எப்படி? மாதம் ஒருமுறை வேலையாக இன்னொரு ஊருக்கு விமானத்தில் போவார். இரண்டும் சின்ன விமான நிலையங்கள். நடுவே முந்நூறு கிலோமீட்டர், ஐம்பதே நிமிஷம். மனைவியிடம் சொல்லிவைத்ததோ ஆறு மணி நேரம்! மறுநாள் திரும்பி வந்து இறங்கியதும் முடிதிருத்துபவர் கடைப் பின்னறையில் கேரம். இருட்டினால்தான் வீடு.

"அவ்வளவு நேரமாவா பறக்குது?" என்றாள் தையல் மெஷினிலிருந்து மனைவி.

"சின்ன விமானம்மா. எதிர்காத்து அடிச்சா விமானி எறங்கித் தள்ளாத குறைதான்."

மூக்கால் விமானி மாதிரியே பேசியும் காட்டினார்: "பயணிகளே, முன்னால மேகம் நிக்குது. அது நகர்ற வரைக்கும் நாமளும் நிக்கிறோம்."

ஐயோ பாவம் என்று அவள் கால் வைக்க வெந்நீர் கொண்டுவந்தாள். மூன்று வருஷம் கொண்டுவந்தாள்.

அப்புறம் அவள் தங்கை அதே ஊருக்குக் குடிபோனாள்.

"என்னங்க, நாளைக்கு எட்டு மணி விமானம். டிக்கெட் எடுத்துட்டேன்."

"ஆறு மணி நேரம்மா! இடுப்பு ஒடிஞ்சிரும்!"

"நீங்க மாசாமாசம் ஒடிச்சுக்கலையா? நான் ஒரு தடவை ஒடிச்சுக்கறேன்."

எட்டு மணிக்குக் கிளம்பினாள். ஒன்பதுக்குப் போன் வரும், கூரை பறக்கும் என்று தராசுக்காரர் போனைத் தலையணைக்கு அடியில் திணித்து அதன்மேல் உட்கார்ந்தார். ஒன்பதுக்கு வரவில்லை. பத்து, பதினொன்று. சரியாக இரண்டு மணிக்குத் தலையணை அலறியது.

"இப்பத்தாங்க எறங்கினேன். நீங்க சொன்ன மாதிரியே. மேகம் நின்னுச்சு, நாங்களும் நின்னோம்."

சிரிப்பு வரும் என்றது இதுதான் போல. முதலில் சிரித்தவர் அவர்தான். விமானம் தாமதம்! தப்பித்தோம்! கட்டில்மேல் ஏறி ஒரு சுற்று ஆடிவிட்டு, "நான் அப்பவே சொல்லல?" என்று மீசையை முறுக்கினார்.

"சொன்னீங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு உடனே திரும்ப முடியுமா? இனிமே மாசாமாசம் வந்து பத்து நாள் தங்கப்போறேன். சமையல், துணி, பாத்திரம் எல்லாம் உங்க பாடு. நீங்க வேலைக்கு வந்துட்டுத் திரும்பறப்ப உங்ககூடவே திரும்பிடறேன். ஆறு மணி நேரம் பேச்சுத்துணை இல்லாம பாவம், எப்படித்தான் உக்காந்திருந்தீங்களோ!"

கேரம் காய்கள் மொத்தமும் அவர் கண்முன்னே குழிக்குள் விழுந்தன. அந்தப் பக்கம் தங்கையின் குரல்: "அக்கா, ஒன்பதரை மணிக்கு வந்து படுத்தவ! சாப்பாடு ஆறிப்போச்சு, எந்திரி!"

தராசுக்காரர் கட்டிலைவிட்டு மெல்ல இறங்கினார்.

"ஏம்மா... உண்மையில அவ்வளவு நேரம் ஆகாது..."

"ஆகாதா? அப்ப எவ்வளவு நேரங்க? மூணு வருஷமாப் போய்வர்றவர், நீங்களே சொல்லுங்க."

தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆறுதாம்மா."