இடுப்பளவு ஆதாரம்

பல ஊர் பார்த்தவனுக்கு எல்லாம் தெரியும், தன் ஊரைத் தவிர. இதை நான் மட்டக்களப்பு வாவிக்குள், வெள்ளைச் சட்டையோடு நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அந்த வருடம் முகாமில் இருந்தோம். திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. பிறகு கூரை வந்தது, நான் போகவில்லை. கொழும்பில் கோப்பை கழுவினேன், பொலன்னறுவையில் நெல் மூட்டை தூக்கினேன், கட்டாரில் கம்பி கட்டினேன். மகள் கயல் முதலாம் வகுப்புக்குப் போகும் வயதில் ஊர் திரும்பியவனை, பெற்றோர் எல்லோரும் சேர்ந்து தங்கள் பேச்சாளராக்கினார்கள். (மற்றவர்களுக்கு வேலை இருக்கும் நேரத்தில் வேலை இல்லாமல் இருப்பவருக்குப் பேச்சாளர் என்று பெயர்.)

எங்கள் பிள்ளைகள் வழக்கமாகப் போவது சந்தியில் உள்ள பெரிய பள்ளிக்கூடத்துக்கு. இருபது நிமிட நடை. பள்ளிச் சேர்க்கைக்கென்று புதிதாகப் போட்ட எல்லைக்கோடோ எங்கள் குடியிருப்பை வெட்டியெடுத்து, வாவிக்கு அக்கரையில் இரண்டே ஆசிரியர்கள் உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தோடு ஒட்டிவிட்டது. எல்லை வரைபடத்தில் அது விரல் நுனித் தூரம். பாலத்தால் சுற்றிப் போனால் ஒன்றரை மணித்தியாலம். கயல் அங்கேதான் போகவேண்டும்.

அந்தப் படத்தைப் பார்க்கக் கல்விக் கந்தோருக்குப் போனேன். தண்ணீருக்கு மேலால் நேராக ஓடிய கோடு, சந்திக்கு அப்பால் புதிய மாடிவீடுகள் உள்ள ஒழுங்கை வந்ததும் முழங்கை மாதிரி மடங்கி, அந்த வீடுகளைப் பெரிய பள்ளிக்கூடத்துப் பக்கம் அணைத்திருந்தது.

"சேர், வாவிக்கு மேலால நேராப் போற கோடு இந்த ஒழுங்கையில மட்டும் ஏன் கிறுகுது?"

உண்மையாகவே அறியும் ஆவலில்தான் கேட்டேன். அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். "தோணியில போனா பத்து நிமிசம்தானே உங்களுக்கு?"

"அப்ப ஒரு நாளைக்குத் தோணியில வந்து பாருங்க."

வருகிறேன் என்றார். வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன்.

"எத்தின மணிக்கு வரச் சொன்னீங்க?" என்றாள் மனைவி சுகந்தி.

"காலம எட்டு மணிக்கு."

"மறுகா என்னத்தக் காட்டப் போறீங்க? மத்தியானத்துக்குப் பிறகுதானே கச்சான் காத்து எழும்பும். காலம வாவி கண்ணாடி மாதிரிக் கிடக்கும்."

"நான் பேசிக் காட்டுவன்."

அவள் பக்கத்து வீட்டுப் பெண்களைத் தேடிப் போனாள்.

சொன்ன நாள் காலை, அக்கரைப் பள்ளிக்கூடத்தடியில் வாகனத்தை விட்டுவிட்டு நின்ற அதிகாரியை ஏற்றினோம். தோணி ஓட்டியவர் வேலன் அண்ணன். வாவி அசையவே இல்லை. ஒரு கொக்கு நிழலோடு நின்றது. அதிகாரி காற்று வாங்கினார். "நல்ல சுகமான பயணம்" என்றார்.

எனக்குப் பதறியது. பாதி வழியில் எழுந்து நின்றேன். "சேர், யோசிச்சுப் பாருங்க! ஆறு வயசுப் பிள்ள! ஆழமான தண்ணி! தோணி இப்பிடி ஆடினா..." ஆட்டிக் காட்டினேன்.

"இருந்து கதை, மச்சான்!" என்று வேலன் அண்ணன் உட்காரச் சொல்லிக் கத்தியது, நான் தண்ணீரில் விழும்போதுதான் கேட்டது.

கண்ணை மூடிக்கொண்டு கை காலை அடித்தேன். பிறகு எழுந்து நின்றேன். தண்ணீர் இடுப்புக்குத்தான் இருந்தது.

அதிகாரி கோப்பைத் திறந்து ஏதோ எழுதினார். கரையில் நின்ற பெற்றோர் இதையெல்லாம் பார்த்தார்கள். கயல் கை தட்டினாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பெண்கள் அதிகாரியைச் சாப்பிடாமல் விடமாட்டோம் என்று, வீடு வீடாகக் கூட்டிப்போய்த் தேநீர் கொடுத்து நிறுத்திவைத்தார்கள். பன்னிரண்டு மணிக்குச் சோறு வேகவில்லை. அரை மணி கழித்து, தேங்காய்ப்பால் பிழிகிறோம் என்றார்கள். ஒரு மணிக்கு இலை போட்டு நண்டுக் கறி வைத்தார்கள். நண்டை யாராலும் அவசரமாகச் சாப்பிட முடியாது. அவர் நான்கு நண்டு சாப்பிட்டார். ஐந்தாவதைச் சுகந்தி கேட்காமலே வைத்தாள்.

திரும்பும்போது கச்சான் எழும்பியிருந்தது.

அலை தோணிக்குள் ஏறியது. அதிகாரி ஒரு கையால் கோப்பையும் மறு கையால் என்னையும் பிடித்திருந்தார். கொஞ்சத்தில் கோப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் என்னைப் பிடித்தார். காற்று எங்களைக் கரையோரக் கண்டல் மரங்களுக்குள் தள்ளியது. பத்து நிமிடப் பயணம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டியது. கரை ஏறியபோது அவருக்கு ஒரு காலில் சப்பாத்து இல்லை.

"தினமும் இப்பிடியா?"

"இந்த மாசங்கள்ல ஓம், சேர்."

"பள்ளிக்கூடம்..." என்று தொடங்கி நிறுத்தினார். பள்ளிக்கூடம் ஒன்றரை மணிக்கு விடும் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எங்கள் குடியிருப்பைச் சந்திப் பள்ளிக்கூடத்தோடு திரும்பச் சேர்த்தார்கள். "தற்காலிகமாக" என்று கடிதத்தில் இருந்தது. கயல் இப்போது அங்கே மூன்றாம் வகுப்பு. கோட்டின் முழங்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

அது ஏன் மடங்குகிறது என்று இன்னும் எனக்கு ஆவல். போன பெற்றோர் கூட்டத்தில் கேட்பதற்காக எழுந்தேன். வாயைத் திறக்க முன், முன்வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"இருந்து கதைங்க!"

இருந்தேன். இருந்துகொண்டே கேட்டேன்.