மூன்று விலாசத்துக்கும் ஒரே கடிதம்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நான், உன் அண்ணி, மகள் மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் அப்படியே இருக்க வேண்டும். உன்னைச் சேர்ந்தவர்கள் யார், எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

எட்டு வருடம் கழித்து எழுதுகிறேனே, சமாதானம் பேச வருகிறேன் என்று நினைத்துவிடாதே. இது முழுக்க முழுக்க அலுவலகம் சம்பந்தப்பட்ட கடிதம். இதே கடிதம் மூன்று பிரதிகளாக மூன்று விலாசத்துக்குப் போகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே இதைப் படிப்பவர் என் தம்பியாக இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் ஐயா, அல்லது அம்மா, தயவுசெய்து மடித்து வைத்துவிடுங்கள். பிரித்தது பிரித்தாயிற்று, படிக்காமல் இருக்க முடியாது என்றால் படியுங்கள். ஆனால் நடுவில் என் தம்பியைப் பற்றி வருவதை வெளியே சொல்லாதீர்கள். அது எங்கள் வீட்டு விஷயம்.

நம் எடை இயந்திரக் கம்பெனியில் பழைய முதலாளி ஓய்வு எடுத்துக்கொண்டு அவர் மகள் பொறுப்புக்கு வந்திருக்கிறார். மரியாதை தெரிந்த பெண். என்னை "சார்" என்றுதான் கூப்பிடுகிறார். போன மாதம் ஒருநாள் என் மேஜைக்கே வந்து, "சார், நம்ம ஆளுங்க காலையில பைக்கை எடுத்துக்கிட்டு எங்க போறாங்கன்னு அவங்களுக்கே தெரியல. எந்தக் கம்பெனி எடைமேடை வாங்கப் போகுது, அங்க யாரைப் பாக்கணும், அவரோட நேரடி நம்பர் என்ன, இதையெல்லாம் முன்னாடியே சொல்ற சாஃப்ட்வேர் இருக்கு. மூணு பேர் ஒரு மாசம் இலவசமா தர்றாங்க. எது உருப்படின்னு நீங்க ஒப்பிட்டுப் பாத்து ரிப்போர்ட் குடுங்க" என்றார். இருபத்தாறு வருடம் தெருத்தெருவாக அலைந்து சேர்த்த அனுபவத்தை ஒரு பட்டனைத் தட்டினால் கொடுக்கிறேன் என்கிற சமாச்சாரம். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். ஆனாலும் சரி என்றேன்.

மூன்றுக்கும் வாயில் நுழையாத பெயர். ஆகவே நான் மூத்தது, நடுவிலது, கடைக்குட்டி என்று வைத்துக்கொண்டேன். ஒரு கம்பெனி பெயரைத் தட்டினால் போதும், முதலாளி யார், கொள்முதல் அதிகாரி யார், அவர் மின்னஞ்சல் என்ன, முன்பு எங்கே வேலை பார்த்தார் என்று வரிசையாகக் கொட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இத்தனை சதவீதம் நம்பலாம் என்று ஒரு எண் வேறு. அது போக, யார் மனதில் வாங்கும் எண்ணம் இருக்கிறது என்பதையும் சொல்லுமாம். முதல் நாளே நடுவிலதைக் கேட்டேன். இந்த வட்டாரத்தில் எடைமேடை வாங்க மிகத் தீவிரமாக அலைகிற கம்பெனி என்று ஒன்றைச் சிவப்பு விளக்குப் போட்டுக் காட்டியது. பார்த்தால் நம் கம்பெனி. நாள் முழுக்க நெட்டில் எடைமேடை, எடைமேடை என்று நாம்தானே தேடிக்கொண்டிருக்கிறோம், அதை வைத்துச் சொல்லியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்த நம் விற்பனையாளன் ஒருவன் அதை நம்பி நம் வரவேற்பறைக்கே போன் போட்டு, "உங்க கொள்முதல் அதிகாரிகிட்ட பேச முடியுமா?" என்று கேட்க, அந்த அதிகாரியும் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.

சரி, இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது? உனக்குத் தெரியும், புது இயந்திரம் வந்தால் நம் தொழிலில் என்ன செய்வோம். எடை தெரிந்த கல்லை எடுத்துத் தட்டில் வைப்போம். இருபது கிலோ கல்லுக்கு இருபது காட்டினால் இயந்திரம் சரி. அதே மாதிரி, விவரம் நன்றாகத் தெரிந்த ஒரு மனிதரைப் போட்டுப் பார்ப்பதுதான் முறை என்று முடிவு செய்தேன். முதலில் என்னையே போட்டேன். மூத்தது என்னைத் துணைத் தலைவர் என்றது, தொண்ணூற்றெட்டு சதவீதம். நடுவிலது நான் வேலை மாறி அழகுசாதனக் கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னது. கடைக்குட்டி, மண்டல விற்பனை மேலாளர், ஏழு வருடமாக அதே பதவி என்றது. உண்மைதான். அதற்காக இப்படி முகத்தில் அடித்த மாதிரியா சொல்வது? மூத்தது சொன்னதை மட்டும் வீட்டில் சொன்னேன். உன் அண்ணி அதைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள். இப்போது பால் வாங்கப் போனால்கூட "வாங்க துணைத் தலைவர்" என்கிறார்கள், என்னால் மறுக்கவும் முடியவில்லை.

ஒரு கல்லை வைத்து முடிவு சொல்லக் கூடாது, இரண்டாவது கல் வேண்டும். பிறந்த நாள் முதல் எனக்குத் தெரிந்த ஆள், காய்ச்சல் வந்தால் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் என்பது வரை தெரிந்த ஆள் யார் என்று யோசித்தேன். நீதான். வேறு எந்தக் காரணமும் இல்லை. உன் பெயரை இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன், அது கீபோர்டு கோளாறு.

எனக்கு இருப்பது ஒரே தம்பி. திரையில் மூன்று பேர் வந்தார்கள். மூத்தது சொன்ன தம்பி ஒரு பல் மருத்துவமனையில் நிர்வாகி. நடுவிலது சொன்ன தம்பி லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் கிளைப் பொறுப்பாளர். கடைக்குட்டி சொன்ன தம்பி மருத்துவமனைக் கட்டில் விற்கும் கம்பெனியில், சிரிக்காதே, விற்பனைப் பயிற்சியாளர். விசிட் புத்தகத்தில் பத்து கம்பெனி பார்த்தேன் என்று எழுதிவிட்டு ஆறு மட்டும் பார்த்தவன், அதனாலேயே வேலையை விட்டவன், ஊரான் பிள்ளைகளுக்கு விற்பனை சொல்லிக்கொடுக்கிறானாம். மூன்றிலும் உன் பழைய வேலை என்ற இடத்தில் நம் கம்பெனி பெயர் மட்டும் சரியாக இருந்தது. எத்தனை வருடம் என்பதும் சரி. ஏன் போனாய் என்ற கட்டம் எதிலும் இல்லை.

கல் எத்தனை கிலோ என்பது எனக்கே தெரியவில்லை தம்பி. எட்டு வருடமாக நீ என்ன செய்கிறாய் என்று தெரிந்தால்தானே எது சரி என்று சொல்ல முடியும்? அங்கேதான் நான் தொழிலில் ஒரு பெரிய தப்புப் பண்ணிவிட்டேன். ஆனால் ரிப்போர்ட் கொடுத்தாக வேண்டுமே. ஒவ்வொரு நம்பராகப் போன் போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மூத்தது கொடுத்த நம்பரை அடித்தால் பல் மருத்துவமனைதான். எடுத்த பெண் குரல் என்னைப் பேசவே விடாமல், "மேல் பல்லா சார், கீழ்ப் பல்லா சார்?" என்று அவ்வளவு அக்கறையாகக் கேட்டது. இல்லையம்மா, நான் வேறு விஷயமாக என்று இழுத்துக்கொண்டே இருந்தேன், அதற்குள் வியாழக்கிழமை நாலரை மணிக்கு நேரம் குறித்துவிட்டது. போனேன். நீ அங்கே இல்லை, உன் பெயரில் வேறொருவர் இருந்தார், நல்ல மனிதர், ஆனால் நீ இல்லை. எனக்கு ஒரு பல் போயிற்று. போக வேண்டிய பல்தான்.

நடுவிலது கொடுத்த நம்பரை எடுத்தது ஒரு தொழிற்சாலை ஸ்டோர் பொறுப்பாளர் அம்மா. உன் பெயரைச் சொன்னதும், "அவரா? இது அவர் பழைய நம்பர்ங்க. நாலு வருஷமா அவரைக் கேட்டு எனக்குத்தான் போன் வருது. நல்ல மனுஷனா இருப்பார் போல, கேக்குறவங்க எல்லாரும் ஆசையாத்தான் கேக்குறாங்க. நீங்க யாருங்க?" என்றார். அண்ணன் என்றேன். "கூடப் பொறந்த அண்ணனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம், "கூடப் பொறந்தவருக்கே நம்பர் தெரியலைன்னா என்கிட்ட கேட்டா எப்படிங்க?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பாவமாகச் சொன்னார், நான் வைத்துவிட்டேன்.

கடைக்குட்டி கொடுத்த நம்பரை இரண்டு நாள் அடிக்காமல் வைத்திருந்தேன். சனிக்கிழமை காலை அடித்தேன். ஒரு குழந்தை எடுத்தது. பெண் குழந்தை, ஆறு ஏழு வயது இருக்கும். "அப்பா குளிக்கிறாரு. நீங்க யாரு?" என்றது. தம்பி, நான் ஆயிரம் பேரிடம் பேசி ஆயிரம் இயந்திரம் விற்றவன். அந்தப் பழக்கத்தில், "எடை மெஷின் கம்பெனிலேர்ந்து பேசுறேம்மா" என்றேன். "எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த நம்பரில் யாரும் எடுப்பதில்லை. விற்பனைக்காரன் என்று குறித்து வைத்துவிட்டார்கள் போல. அது உன் குழந்தையா, வேறு யாருடையதோ, தெரியவில்லை. உன்னுடையது என்றால், நல்ல பிள்ளை. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் சொன்னேன். "பெரியப்பான்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள்.

போன் கைவிட்டதால்தான் இந்தக் கடிதம். மூன்றும் மூன்று அலுவலக விலாசம் கொடுத்திருக்கின்றன, மூன்றுக்கும் அனுப்புகிறேன். பல் மருத்துவமனைக்கு எதற்கு, அங்கேதான் நேரில் பார்த்தீர்களே என்றாள் உன் அண்ணி. ஒப்பீடு என்றால் மூன்றையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும். ரிப்போர்ட்டும் எழுதிவிட்டேன். மூத்ததை வாங்கலாம் என்று சிபாரிசு செய்திருக்கிறேன். மனிதர்களின் தகுதியைச் சரியாக மதிப்பிடுகிறது என்று காரணம் எழுதியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. அன்று உன் விசிட் புத்தகத்தை நான் எடுத்துக்கொண்டு போய் முதலாளி மேஜையில் வைத்தது தம்பி என்று பார்க்காமல் செய்த காரியம். அப்போது நான் குழுத் தலைவன். போகாத இடத்துக்குப் போனேன் என்று எழுதுவது நம் தொழிலில் எவ்வளவு பெரிய குற்றம் என்று உனக்கே தெரியும். நீ ஒரு வார்த்தை பேசாமல் என்னையே பார்த்துவிட்டு எழுந்து போனாய். அது திமிர் என்று எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போகட்டும். வயதாகிறது. உன்னை மன்னித்துவிட்டேன். "தப்பு என்னுடையது அண்ணா" என்று பதிலுக்கு ஒரு வரி போட்டால் போதும்.

எந்தக் கம்பெனியில் எந்தப் பதவியில் இருந்தாலும் நீ தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். உன் மனைவிக்கு, மனைவி என்று ஒருவர் இருந்தால், எங்கள் இருவரின் ஆசி. குழந்தை உன்னுடையதானால் அதற்குத் தனியாக ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும்
அண்ணன்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கப் போகும்போது சின்ன முதலாளி கூப்பிட்டனுப்பினார். கடைக்குட்டியை வாங்கிவிட்டாராம். என் ரிப்போர்ட்டைப் படித்தாராம், நன்றாக எழுதியிருக்கிறேனாம். பிறகு, பழைய விசிட் புத்தகங்களை எல்லாம் தட்டச்சு செய்து அதற்குள் ஏற்றியதாகவும், எந்தெந்தக் கம்பெனி அந்தத் தேதியில் இருந்ததே இல்லை, எந்தெந்த அதிகாரி அங்கே வேலையே பார்க்கவில்லை என்று அது பட்டியல் போட்டுக் கொடுத்ததாகவும் சொல்லி, தாளை நீட்டினார். உன் புத்தகத்தில் பதினொன்று. என் புத்தகத்தில் இருநூற்று ஆறு. "பழைய டேட்டா சார், எழுத்துப் பிழையா இருக்கும், அழிச்சிடலாமா?" என்று கேட்டார், அவ்வளவு மரியாதையாக. அழித்துவிடுங்கள் என்று தொண்டை வரை வந்தது. "வேண்டாம்மா. அது பிழை இல்ல. நான் போகவே இல்ல" என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உட்காரச் சொல்லித் தண்ணீர் வரவழைத்தார். திங்கட்கிழமை பேசலாம் என்றிருக்கிறார். என்ன பேசுவார் என்று தெரியவில்லை.

அந்த நாட்களில் தினமும் என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தவன் நீ. பகல் பூராவும் நான் நூலகத்தில் உட்கார்ந்து பத்துப் பெயர் யோசித்து எழுதியதைப் பார்த்தவன் நீ. புத்தகங்களைச் சரிபார்க்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது, யாராவது ஒருவன் மாட்டினால் சோதனை அதோடு நின்றுவிடும் என்று உன்னுடையதைத் தூக்கிக் கொடுத்தேன். அன்று நீ வாயைத் திறந்திருந்தால் நான் தெருவில் நின்றிருப்பேன். திறக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதைப் படிக்க எனக்கே கூசுகிறது. கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன். மூன்று பிரதியும் கையால் எழுதியது, விரல் மடங்கவில்லை. தவிர, நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியாததா? அப்படியே அனுப்புகிறேன். அந்த ஒரு வரியை நீ எழுத வேண்டாம், நானே எழுதுகிறேன். தப்பு என்னுடையதுடா தம்பி.

செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டிருக்கிறேன். கட்டில் கம்பெனிக்கு வருகிறேன். அங்கே நீ இல்லையென்றால் லிஃப்ட் கம்பெனி, அங்கேயும் இல்லையென்றால் விசாரித்துக்கொண்டு அடுத்த இடம். உள்ளே விடுவதும் வாசலோடு அனுப்புவதும் உன் இஷ்டம். ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே வந்து நிற்பேன்.