ஊரை விட்டு நகராத மாப்பிள்ளை

"எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்தாங்க" என்று தர்மன் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "மாப்ளயா வர்றவரு ஊரை விட்டு நகரக் கூடாது."

அந்த நேரம் பார்த்தா அரவிந்தனின் சட்டைப்பையில் போன் அலற வேண்டும்? எடுத்துப் பார்த்தான். வெளிநாட்டு எண். ஒரு வளைகுடா நாட்டு நூலகத்திலிருந்து அழைக்கிறார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை வேலை நாள்.

பெரம்பலூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் தர்மன், லீவு நாளில் கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் தன் பெரிய மகள் பிரவீணாவுக்காக அரியலூருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார். அரவிந்தன் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன். சோழ நாட்டுக்குக் கப்பலில் குதிரை கொண்டுவந்த அரபு வணிகர்களைப் பற்றி ஆராய்கிறவன். அந்த வணிகத்தைப் பற்றிய பழைய கடிதங்கள் அந்த நூலகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே வந்து படிக்க விரும்பும் ஆய்வாளர்களுக்கு விமான டிக்கெட்டும் மூன்று மாதம் தங்க அறையும் நூலகமே கொடுக்கிறது. விண்ணப்பித்திருந்தான். தேர்வாகிவிட்டதாக அன்று காலையில்தான் மெயில் வந்தது.

இரண்டு நல்ல காரியமும் ஒரே நாளில் வந்து ஒன்றின் காலை ஒன்று மிதித்தது. பெண் பார்க்கப் போனபோதே பிரவீணாவை அவனுக்கு நிஜமாகவே பிடித்துவிட்டது. குதிரைகளை அதற்கு முன்பிருந்தே பிடிக்கும்.

போனை அமுக்கினான். மறுபடி அடித்தது.

"எடுங்க தம்பி, ஏதாச்சும் அவசரமா இருக்கப் போவுது" என்றார் தர்மன்.

எடுத்தான். "ஹலோ மிஸ்டர் அரவிந்தன்!" என்று ஒரு பெண்குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "அப்புறம் பேசுறேன்" என்று பதறி வைத்தான்.

"யாருடா?" என்றாள் அம்மா ஜெகதாம்பாள்.

"ஸ்டூடண்ட்டும்மா. பாடத்துல டவுட்டு."

"ஞாயித்துக்கிழமையா?" என்றார் தர்மன்.

"அதாவது... பிரின்சிபால் ஆபீஸ்லேருந்துங்க."

"இப்பதான ஸ்டூடண்ட்டுன்னீங்க?"

"ஆபீஸ்ல வேலை பாக்குற ஸ்டூடண்ட்டுங்க."

தர்மன் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பெண் கொடுக்கிறவர் பாதிப் பேச்சில் தண்ணீர் குடித்தால், அடுத்து டீக்கடையிலும் சலூனிலும் வேலை பார்க்கும் இடத்திலும் விசாரணை நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

"பாவம், பொண்ணப் பிரிஞ்சு இருக்க முடியாது போலருக்கு அந்த மனுசனுக்கு" என்றாள் ஜெகதாம்பாள், அவர் போன பிறகு.

மறுநாள் அரவிந்தன் முதல் ஆளாகக் கல்லூரிக்கு ஓடி அலுவலக உதவியாளர் வேல்முருகனைப் பிடித்தான்.

"வேல்முருகன், யாராவது வந்து என்னைப் பத்தி விசாரிச்சா, நான் லீவு கேட்ட விஷயத்தச் சொல்லிடாதீங்க."

"வாயத் தொறக்க மாட்டேன் சார்."

வேல்முருகன் சொன்ன சொல் தவறாதவர். தர்மன் வந்து கேட்டதும், "லீவு கேட்டதச் சொல்லக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காருங்க" என்று கறாராகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் தர்மன் போன் செய்தார்.

"சொல்லக் கூடாத லீவு என்ன லீவு தம்பி?"

"அது... சுகர் டெஸ்ட்டு எடுக்கலாம்னுங்க."

"எவ்வளவு நாளு லீவு?"

பொய் சொல்லத் தெரியாதவனுக்கு வாய் மட்டும் முந்திக்கொள்ளும். "மூணு மாசம்" என்றான்.

"சுகர் டெஸ்ட்டுக்கா?"

அதன் பிறகு அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தான். உட்கார்ந்தான், எழுந்தான், போனை எடுத்தான், வைத்தான். சோறு இறங்கவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் அம்மாவிடம் உண்மையைக் கொட்டிவிட்டான். இருந்ததிலேயே பெரிய தப்பு அதுதான்.

ஜெகதாம்பாள் யாரிடமும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு இருசம்மாளைத் தவிர. இருசம்மாளும் தெருவைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவன் அரபு நாட்டுக்குப் போகிறான் என்றால் வேலைக்குத்தான் போவான். பழைய கடிதம் படிக்கப் போகிறான், அதற்கு அவர்களே டிக்கெட் கொடுக்கிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்? விக்கிரமங்கலத்து மாமா போனிலேயே அழுதார். "வாத்தியார் வேலை போயிட்டா என்னடா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சிமெண்ட் ஆலையில சேத்து வுட்டுருப்பேனே! ஒட்டகம் மேய்க்கவா போவணும்?"

அடுத்த ஞாயிறு தர்மன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். அவர் உட்காருவதற்குள் இருசம்மாள் ஒரு பெரிய பையோடு உள்ளே நுழைந்தாள்.

"தம்பி, இது ஆண்டிமடத்து முந்திரி. இது ஊறுகா. எம்மவன் அறிவழகனும் அங்கதான இருக்கான், அவங்கிட்ட குடுத்துடு. நீ வருவன்னு நேத்தே போன்ல சொல்லிட்டேன்."

வாசலில் இன்னும் இரண்டு பேர் பையோடு நின்றார்கள்.

"எங்கம்மா போறாரு?" என்றார் தர்மன்.

"உங்களுக்குத் தெரியாதா? தம்பி அரபு நாட்டுக்குல்ல போவுது!"

தர்மன் எழுந்தார். செருப்பில் காலை நுழைத்தார். "நான் வரேங்க" என்றார். ஜெகதாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அரவிந்தனுக்குப் பிரவீணாவின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. திருச்சியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவளிடம், என்ன ஆய்வு என்று கேட்காமல், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு வைத்தவன் அவன். அதற்கும் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை விட்டுவிட அவனுக்கு மனசு வரவில்லை.

"இருங்க மாமா!" என்று கத்தினான். தர்மனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு நூலகத்தை அழைத்தான். தன்னால் வர முடியாது, தனக்குக் கொடுத்த வாய்ப்பு வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அந்தப் பெண் மிகவும் வருந்தினாள். உறுதிதானா என்று இரண்டு தடவை கேட்டாள். அப்படியானால் காத்திருக்கும் அடுத்த ஆய்வாளருக்கு இப்போதே தெரிவித்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்தாள்.

அவ்வளவுதான். இதற்காகவே பெரம்பலூர்ப் பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் ஒரு ஹஜ்ரத்திடம் போய், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அரபி எழுத்துப் படித்திருந்தான். எல்லாம் வீண். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான்.

தர்மன் செருப்பைக் கழற்றினார். "இதான் மாப்ளன்னா மாப்ள!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். "இனிமே எங்கயும் போவ மாட்டீங்கள்ல?"

"திருச்சிக்குக்கூட உங்களக் கேட்டுட்டுத்தான் மாமா போவேன்."

விருந்து அமர்க்களமாக நடந்தது. அரவிந்தன் இரண்டு வாய் தின்றான். சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டை மாற்றிப் பேச்சை உறுதி செய்துகொண்டார்கள். அப்போது தர்மனின் போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். சின்ன மகள் லாவண்யா.

"அப்பா! அக்காவுக்குக் கெடச்சிருச்சுப்பா! அந்த அரபு லைப்ரரிதான்! அடுத்த ஆளா காத்துக்கிட்டு இருந்தாள்ல? யாரோ ஒரு கிறுக்கன் இன்னிக்கு வேணாம்னு சொல்லிட்டானாம்!"

தர்மனின் முகம் மலர்ந்தது. அரவிந்தனின் கையிலிருந்த வெற்றிலை நழுவியது.

"மாப்ள ஊரை விட்டு நகர மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டாராப்பா? அக்கா அங்க போயிட்டா, கடையப் பாத்துக்க நமக்கு ஆள் வேணும்ல!"