உத்தரத்தைத் தூக்கிய உத்தரசாமி

ஆரணியில் சாமிகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் இப்போது வந்திருப்பவர் தனி ரகம். வளைந்த கட்டடத்தை மந்திரத்தால் நிமிர்த்துவாராம்! பெயர் உத்தரசாமி. ஓர் உத்தரத்துக்கு ஒரு பட்டுப்புடவை காணிக்கை. சாமி கட்டுவது காவி. வாங்குவது மட்டும் பட்டு.

இன்று பச்சையப்பனின் தறிக்கூடத்தில் கூட்டம் நெரிந்தது. கீழே எட்டுத் தறிகள். மாடியில் அவருடைய மைத்துனரின் ரைஸ் மில் மூட்டைகள், கூரை வரை. மாடியைத் தாங்கும் இரும்பு கர்டர் வளைந்து, சுவரிலும் விரிசல் விட்டிருந்தது. அதற்கு நேர் கீழே தறி ஓட்டுபவள் புஷ்பலதா.

"மூட்டைய எறக்குங்க மொதலாளி. மேல பாத்துகினே வேல செய்ய பயமா கீது."

"சாமி வந்துகினு இருக்காரும்மா. பயந்தா வூட்லயே இரு, வேற ஆள் போட்டுக்கறேன்."

அரிசியை இறக்கக் கூலி ஆகுமே! ஆளை இறக்கினால் செலவில்லை.

புஷ்பலதா சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டு அனுஷாவைக் கூட்டி வந்தாள். செய்யாறு கம்பெனி ஒன்றில் இரும்பின் பலத்தைச் சோதிப்பது அனுஷாவின் வேலை. அவள் கர்டரின் அடியில் பெயின்டைச் சுரண்டி, நகமளவு மெல்லிய தகடு ஒன்றை ஒட்டி, ஒயரை மீட்டரில் சொருகினாள்.

"இது ஸ்ட்ரெயின் கேஜுங்க. இரும்பு துளி இழுபட்டாலும் இதுவும் கூடவே இழுபடும், மீட்டர்ல தெரியும். இப்ப பூஜ்யம். மேல ஒரு மூட்ட கூட வைங்க."

வைத்தார்கள். மீட்டர் முப்பது காட்டியது. எடுத்தார்கள். மறுபடி பூஜ்யம். கருவி யோக்கியமானது என்று ஊரே பார்த்துக்கொண்டது.

அதற்குள் வந்து சேர்ந்த சாமி சிரித்தார். கர்டரிலிருந்து முறுக்கிய பருத்திக் கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டார். கல் தரையைத் தொட்டது. மந்திரம் முழங்க, வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரைக் கயிறு நெடுகத் தெளித்தார். சிறிது நேரத்தில் கல் ஒரு விரற்கடை எழும்பியது.

"கர்டர் நிமிந்துடுச்சு!" என்றது கூட்டம். கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம், பத்துத் தறி ஓடுகிற மாதிரி.

மீட்டரில் அதே பூஜ்யம்.

புஷ்பலதா கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அட பேஜாரே! முறுக்கு நூலு நனைஞ்சா சுருங்காதா? கயிறு சுருங்கிச்சு, கல்லு ஏறிச்சு. பொறந்ததுலேந்து நூல புடிச்சிகினு கீறோம், நாமளே ஏமாந்தோமே!"

"மிஷினுக்கு பக்தி இல்லம்மா," என்றார் சாமி.

"அதாங்க உண்மைய சொல்லுது," என்றாள் அனுஷா. பத்து மூட்டைகளை இறக்கச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் எண் பூஜ்யத்துக்குக் கீழே சரசரவென்று இறங்கியது.

"மந்திரத்துக்கு அசையல, மூட்டைக்கு அசையுது. இன்னா மொதலாளி?" என்றாள் புஷ்பலதா.

பச்சையப்பன் தலையைச் சொறிந்தார். "சாமி சக்தியும் கொஞ்சம்..."

"அப்படியா?" புஷ்பலதா தன் தறி முன்னால் மணையைப் போட்டாள். "மூட்டையெல்லாம் திரும்ப ஏத்துங்க. சாமி, நீங்க சாயங்காலம் வரைக்கும் இங்க குந்துங்க. நான் வெளிய நிக்கறேன்."

சாமி முதல் முறையாக அண்ணாந்து விரிசலைப் பார்த்தார். அவ்வளவுதான். செருப்பைக்கூட மாட்டாமல் வந்தவாசி பஸ்ஸைப் பிடித்தார்.

அந்த மணையில் பச்சையப்பனும் உட்காரவில்லை. மீதி மூட்டைகளைத் தானே சுமந்து இறக்கினார்.

அற்புதம் பார்க்கப் போகிறவர்களே, போங்கள். ஆனால் அதைச் செய்கிற ஆளை அதன் அடியில் உட்காரவைத்துவிட்டுக் கும்பிடுங்கள்.