லண்டிட்னோவுக்கு ஓர் அழைப்பிதழ்

செபக் குழுவிலுள்ள ஜென்சி இரண்டு தகரம் மேப்பிள் இனிப்புப் பாணியைச் சமையலறை மேசைமீது வைத்தாள். வலன்ரைன் தம் மனைவியைப் பார்த்தார். சிசிலியோ யன்னலோரம் நின்ற கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தார்.

"அண்ணை, இது லண்டனிலை இருக்கிற என்ர தங்கச்சிக்கு," என்றாள் ஜென்சி. "அவளின்ர பிள்ளையளுக்கு இதெண்டால் உயிர். நீங்கள் சனிக்கிழமை போறியளாமே?"

"ஆர் சொன்னது?"

"சிசிலியக்காதான். பத்து நாளைக்குச் செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லித் திறப்புத் தந்தவா."

சிசிலி ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். மொன்றியால் குளிரில் ஆறு வருடம் அந்தச் செடியைக் காப்பாற்றியவர் அவர். அதைத் தவிக்கவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

"நாங்கள் லண்டனுக்குப் போகேல்லைப் பிள்ளை," என்றார் வலன்ரைன். "வேல்ஸுக்குப் போறம். லண்டிட்னோ எண்டு ஒரு கடற்கரைப் பட்டினம். லண்டனிலையிருந்து றெயினிலை அரைநாள் ஓடவேணும்."

"அப்ப கிட்டத்தானே. நாங்கள் றொரன்ரோவுக்குப் போறதைவிடக் குறைவு," என்று சொல்லிவிட்டு ஜென்சி படியிறங்கிப் போனாள்.

இந்தப் பயணம் ஒருவருக்கும் தெரியாமல் நடக்கவேண்டியிருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலைசெய்யும் வலன்ரைனுக்கு, உலகத்தில் எஞ்சியிருந்த ஒரே உடன்பிறப்பு மாக்கிரட் அக்கா. தாயில்லாத வீட்டில் அவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கு அனுப்பியவர். பிற்காலத்தில் தாதியாகி லண்டிட்னோவில் குடியேறி, ஓய்வுபெற்றுத் தனியே வாழ்ந்துவந்தார். மகள் றொஷினியின் திருமணத்தின்போது, வேலை மும்முரத்தில், வலன்ரைன் எல்லாருக்கும் அனுப்பியதுபோல அக்காவுக்கும் அழைப்பிதழை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். கீழே 'வரவும்' என்று ஒரு சொல்.

அவர்களுடைய குடும்பங்களில் மூத்த சகோதரிக்குத்தான் முதல் அழைப்பு. வீடு தேடிப்போய், அட்டையைக் கையில் கொடுத்து, வாயால் சொல்லவேண்டும். கடல் கடந்து இருப்பவர்களானால், மற்ற எவருக்கும் சொல்லுமுன் குரலாலாவது சொல்லவேண்டும். அக்கா அன்று தொலைபேசியில் ஒரேயொரு முறை பேசினார்.

"நல்ல காரியத்துக்கு நீ என்னை அழைக்கேல்லை. இனி உன்ர வீட்டுப் படியை உன்ர செத்தவீட்டுக்குத்தான் மிதிப்பன். அதுக்கு ஒருத்தரும் அழைக்கத் தேவையில்லை."

அதன்பின் நான்கு வருட மௌனம். இப்போது மகன் நிஷானுக்கு ஓகஸ்டில் திருமணம். அச்சான அட்டைகளில் முதலாவதில் அக்காவின் பெயரை எழுதி, அதை அவர் வாசலிலேயே நின்று கையில் கொடுப்பதென்று வலன்ரைன் உறுதிகொண்டார். முன்கூட்டியே செவியில் விழுந்தால் அக்கா கதவைப் பூட்டிவிட்டு எங்கேயாவது போய்விடுவார். அந்தப் பிடிவாதத்தை அறிந்தவர் வலன்ரைன். அவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தபோது கத்தோலிக்கக் கோவில் வாசலில், அதே பங்கைச் சேர்ந்த மரியதாசன் ஒரு பொதியோடும், வேறு இருவர் இரண்டு பொதிகளோடும் காத்திருந்தனர். எல்லாம் லண்டனுக்கு. செயின்ட்-மிஷேலில் டெப்பனர் என்னும் மூலைக்கடை நடத்துபவரும், செபக் குழுவின் தலைவருமான டெனிஸ்டன், "எத்தினை மணிக்கு விமானம், அண்ணை? நான் ஏத்திக்கொண்டு போறன்," என்றார்.

இந்தக் கதை லண்டன் உறவுகள் வழியே இன்றிரவே லண்டிட்னோவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று வலன்ரைன் அஞ்சினார்.

"பயணம் நிண்டுபோச்சு," என்றார்.

"ஏன் அண்ணை?"

வலன்ரைன் காரணத்தை யோசித்து வைத்திருக்கவில்லை. கணவர் தடுமாறுவதைக் கண்ட சிசிலி, உதவி செய்வதாக எண்ணி, "டொக்டர் பறக்கவேண்டாம் எண்டிட்டார்," என்றார்.

பொய் வளர்ப்பது ஆட்டுக்குட்டி வளர்ப்பதைப் போன்றது. முதல் நாள் மடியில் கிடந்து பால் குடிக்கும். அடுத்த கிழமை வேலியைத் தின்னும். கொம்பு முளைத்ததும் முதலில் முட்டுவது வளர்த்தவரைத்தான்.

அன்று மாலையே செபக் குழுவின் வட்ஸ்அப்பில், 'வலன்ரைன் அண்ணையின் இருதயத்துக்காகச் செபிப்போம்' என்ற செய்தி வந்தது. இருதயம் என்று எவரும் சொல்லியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அந்த இருதயத்தில் அடைப்பு ஏற்பட்டது. புதன்கிழமை மருத்துவர்கள் கைவிரித்தார்கள். வலன்ரைன் இவற்றையெல்லாம் ஆட்டுக்கால் சூப்புக் குடித்தபடி தம் தொலைபேசியில் வாசித்து அறிந்தார். சூப்பு மரியதாசன் வீட்டிலிருந்து வந்தது.

"ஒண்டுமில்லை, சின்ன வருத்தம்தான் எண்டு எழுதுங்கோவன்," என்றார் சிசிலி.

அவரும் அப்படியே எழுதினார். 'எவ்வளவு தைரியமான மனிதர்' என்று முப்பது பேர் பதில் எழுதினார்கள்.

வியாழக்கிழமை ஜென்சி வந்து பாணித் தகரங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்குச் சீனி கண்ணிலையும் காட்டக்கூடாது, அண்ணை," என்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. "தங்கச்சிக்கும் சொல்லிப்போட்டன், ஒண்டும் வராது, செபிக்கச் சொல்லி."

வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் செபமாலை என்று டெனிஸ்டன் அறிவித்தார். வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. நோயாளிக்காகச் செபிப்பதற்கு நோயாளியின் அனுமதி வேண்டுமென்று அவர் எங்கும் படித்ததில்லை. சிசிலி பயணப் பெட்டிகளைக் குளியல் தொட்டிக்குள் இறக்கித் திரைச்சீலையை இழுத்து மூடினார். வலன்ரைன் கழுத்துவரை போர்த்துக்கொண்டு படுத்தார். கூடத்தில் ஐம்பது பேர் முழங்காலில் நின்று செபித்தார்கள். அந்தக் குரல்களில் உண்மையான துயரம் இருந்தது. கட்டிலில் கிடந்தவருக்கு நெஞ்சு உண்மையாகவே வலிக்கத் தொடங்கியது.

செபமாலை முடிந்ததும் பங்குச் சுவாமி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். சட்டைப் பையிலிருந்து, நோயுற்றோருக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழை எடுத்தார்.

வலன்ரைன் எழுந்து உட்கார்ந்தார். "சுவாமி, பூசாதேங்கோ. நான் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும்."

எல்லாவற்றையும் சொன்னார். வட்ஸ்அப்பில் அனுப்பிய அழைப்பிதழ் முதல் குளியல் தொட்டியில் கிடக்கும் பெட்டிகள் வரை ஒன்றையும் விடவில்லை. சுவாமி கேட்டுக்கொண்டேயிருந்தார். பிறகு சிமிழை மூடினார்.

"அக்காவுக்கு ஒரு ஃபோன் எடுத்து, 'நான் வாறன்' எண்டு சொல்லியிருந்தால் இவ்வளவும் தேவையில்லையே?"

"சொன்னால் கதவைப் பூட்டிப்போட்டுப் போயிடுவா, சுவாமி."

"அது உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு அக்காவைத் தெரியும், சுவாமி."

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சுவாமி வெளியே சொல்ல முடியாது. பொய்யும் சொல்ல முடியாது. கூடத்துக்கு வந்து, "பத்து நாளைக்கு அவரை ஒருத்தரும் பார்க்க வரவேண்டாம். தொலைபேசியும் எடுக்கவேண்டாம். மன்றாடுங்கோ," என்று மட்டும் சொன்னார்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அவர் முகம் மிகவும் வாடியிருந்தது. ஜென்சி விம்மினாள். மரியதாசன் மெல்லச் சுவாமியின் அருகே சென்று, வருகிற வாரக் கடைசியில் கோவில் மண்டபத்தை வேறு எவராவது கேட்டிருக்கிறார்களா என்று விசாரித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் சிசிலி யன்னலால் எட்டிப் பார்த்தார். முன்புற இரும்புப் படிக்கட்டின் அடியில், மடக்குக் கதிரை ஒன்றில், டெனிஸ்டன் காவலிருந்தார்.

"சுவாமி சொன்னால் சொன்னதுதான், அக்கா," என்று கீழேயிருந்து உறுதியளித்தார். "சொந்த ரத்தமே வந்தாலும் மேலை விடமாட்டன். பத்து நாளும் கடையை மனிசி பார்ப்பா."

ஆகவே அவர்கள் பின்புறப் படிகளால் ஒழுங்கைக்குள் இறங்கினார்கள். பெரிய பெட்டியின் சில்லுகள் உருண்டால் சத்தம் கேட்கும் என்று வலன்ரைன் அதைத் தோளில் சுமந்தார். உடுப்பு உலர்த்திக்கொண்டிருந்த அயல்வீட்டுப் பிரெஞ்சுப் பெண்மணி, முதல்நாள் மாலை அந்த வீட்டிலிருந்து கேட்ட அழுகுரலையும் இப்போது தோளில் பெட்டியோடு போகும் மனிதரையும் சேர்த்து யோசித்துப் பார்த்தார். கடைசியில், "பொன் வோயாஜ், மிஸ்யூ," என்றார்.

பிள்ளைகள் இருவருக்கும் உண்மை தெரியும். வேறு எவரும் அழைக்காதபடி, வலன்ரைனும் சிசிலியும் விமானத்தில் ஏறுமுன் தம் தொலைபேசிகளை அணைத்தார்கள்.

மறுநாள், விமானம் இறங்கிய மான்செஸ்டரிலிருந்து புறப்பட்ட றெயின் சிறிது நேரத்தில் கடலோரத்தைப் பிடித்தது. ஒரு பக்கம் செம்மறிகள் மேயும் சரிவுகள், மறுபக்கம் வற்றிக் கிடந்த சாம்பல் நிறக் கடல். நிலையங்கள்தோறும் பெயர்ப்பலகைகளில் இரண்டு மொழிகள் இருந்தன. மொன்றியால்வாசிகளுக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை. வலன்ரைன் வழிநெடுகச் சொல்லப்போகும் வாசகத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, முதல் அழைப்பு உங்களுக்குத்தான். மற்ற ஒருத்தருக்கும் இன்னும் சொல்லேல்லை."

"சொல்லேக்கை குரல் நடுங்குது," என்றார் சிசிலி.

"நடுங்கட்டும்."

லண்டிட்னோ பிறைபோல வளைந்த குடா. கரை நெடுக வெள்ளை விடுதிகள், கடலுக்குள் நீண்ட பாலம், ஓரத்தில் ஓர்ம் என்னும் மலை. அதன் அடிவாரத்தில் அக்காவின் தெரு ஏறிச் சென்றது. அந்த மலையில் வாழும் நீண்ட கொம்புள்ள ஆடுகளின் மூதாதையர் காஷ்மீரிலிருந்து வந்தவையாம். நினைத்தபோது ஊருக்குள் இறங்கி வீட்டு வேலிகளைத் தின்னும். எவரும் அவற்றைத் துரத்துவதில்லை. அக்கா வீட்டின் வேலியையும் அப்போது ஒன்று தின்றுகொண்டிருந்தது.

வலன்ரைன் சட்டையைச் சரிசெய்தார். கைப்பையிலிருந்த சிறிய தட்டை எடுத்து அழைப்பிதழை அதில் வைத்து, இரு கைகளாலும் ஏந்திக்கொண்டார். சிசிலி மணியை அழுத்தினார்.

கதவு திறக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். யன்னல் சீலைகள் மூடியிருந்தன.

ஆடு மெல்லுவதை நிறுத்தி அவர்களைப் பார்த்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு முதியவள் கம்பளிச் சட்டையோடு வெளியே வந்தாள்.

"மாக்கிரட்டைத் தேடுகிறீர்களா? நேற்றுக் காலையே வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாரே."

"திடீரென்றா?" என்று தம் சமையலறை ஆங்கிலத்தில் கேட்டார் வலன்ரைன்.

"ஆமாம். வெள்ளிக்கிழமை இரவு லண்டனிலிருந்து யாரோ ஒரு பெண் தொலைபேசியில் ஏதோ சொன்னாளாம். விடியுமுன்னரே வாடகைக் காரை வரவழைத்துவிட்டார்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தனர்.

"ஜென்சியின்ர தங்கச்சி," என்றார் வலன்ரைன்.

"நான் அந்தச் செடியைக் காய விட்டிருக்கவேணும்," என்றார் சிசிலி.

வலன்ரைன் வாசற்படியில் உட்கார்ந்தார். தட்டு மடியில் இருந்தது. தூரத்தில் அலை ஏறத் தொடங்கியிருந்தது. "நான் வாறதெண்டு தெரிஞ்சுதான் போயிருக்கிறா," என்றார். "என்ர முகத்திலை முழிக்கக்கூடாதெண்டு போயிருக்கிறா." சிசிலி அவர் தோளில் கையை வைத்தார்.

சிறிது நேரம் கழித்து வலன்ரைன் எழுந்து, வேலிக்கு மேலாகத் தட்டை நீட்டினார்.

"அவர் திரும்பி வந்தால் இதைக் கொடுத்துவிடுங்கள், அம்மா. கனடாவில் ஒரு திருமணம். நேரிலே கொண்டுவந்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்."

முதியவள் கண்ணாடியை மாட்டி அட்டையைப் படித்தாள். அவள் முகம் இரக்கத்தால் கனிந்தது.

"இந்தக் கல்யாணத்துக்குத்தான், அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் போவேன் என்று போன மாதமே பயணச்சீட்டு வாங்கி வைத்திருந்தார், பாவம், அதையே மாற்றிக்கொண்டு நேற்று மொன்றியாலுக்குப் பறந்துவிட்டார், அங்கே தம்பி சாகக் கிடக்கிறாராம்."