பொறிவண்டு முதுகில் இருந்த தம்பி

குமாஸ்தா பெயருக்கு ஆபீசில் வந்து இறங்கிய பார்சலைப் பிரித்தால், கதவு அகலத்துக்கு ஒரு பொறிவண்டு. படப் போட்டியில் முதல் பரிசாம். அவர் எடுத்த படத்தையே பெரிதாக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்தது அவர் மனைவி. நாலு பேர் பார்க்கட்டுமே என்ற பெருமை.

குமாஸ்தா அவசரமாகப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பப் பார்த்தார். போன மாதம் கால் சுளுக்கு என்று லீவு போட்டுவிட்டு, பூங்காவில் குப்புறப் படுத்து, லென்ஸை வண்டின் முகத்துக்கு நேரே நீட்டி எடுத்த படம் அது. வண்டு இலை நுனியில் ஏறி மீசையைத் துடைத்த அந்த நொடியில், பதவி உயர்வே கிடைத்த மாதிரி பூரித்துப் போயிருந்தார். நிஜப் பதவி உயர்வுக் காகிதம் மேனேஜர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

மேனேஜர் மஞ்சள் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். வெயிலோ மழையோ, அந்தக் குடை இல்லாமல் மனுஷன் நகர மாட்டார்.

"பிரமாதம். எப்ப எடுத்தீங்க?"

"போன வருஷம் சார்."

"ஓரத்துல போன மாசம் எட்டாம் தேதின்னு போட்டிருக்கே," என்றார் காஷியர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத ஆள்.

"கேமராவுல தேதி தப்பு."

காஷியர் மூக்கு இடிக்கும்படி குனிந்தார். "வண்டு முதுகு கண்ணாடி மாதிரி மின்னுது. அதுக்குள்ள யாரோ படுத்திருக்காங்க பாருங்க. இந்த வருஷ ஆண்டு விழாவுல நமக்குக் கொடுத்த கோடு போட்ட சட்டை."

எல்லோரும் குமாஸ்தாவைப் பார்த்தார்கள். இன்றைக்கும் அதே சட்டை.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். இவருக்கு அது என்றைக்கு வந்தது?

"அது என் தம்பி சார். என் சட்டையை எடுத்துப் போட்டுட்டுப் போயிட்டான்."

"தம்பியா?" மேனேஜர் குரல் தணிந்தது. "இருந்தது ஒரே தம்பி, அவனும் போயிட்டான்னு போன வருஷம் நாலு நாள் லீவு எடுத்தீங்களே. ஆபீஸே எழுந்து நின்னு மௌனம் காத்துச்சே."

குமாஸ்தா சட்டைக் கோடுகளைக் கையால் மறைக்கப் பார்க்க, மேனேஜர் குடையைத் தரையில் தட்டினார்.

"எட்டாம் தேதி நான் தலைமை ஆபீஸ் மீட்டிங்ல பொழுதன்னைக்கும் உட்கார்ந்து முதுகு ஒடிஞ்சேன். நீங்க பூங்காவுல பூச்சி பார்த்துட்டு இருந்திருக்கீங்க. பதவி உயர்வை மறந்துடுங்க."

குமாஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

துடைப்பத்தோடு வந்த பெருக்குகிற அக்கா, படத்தின் முன்னால் நின்று ஆசைதீரப் பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"வண்டு ரொம்ப அழகு சார். ஆமா, அவர் தம்பிக்குப் பின்னாடி பெஞ்சில, மஞ்சள் குடையைக் கட்டிப் பிடிச்சுட்டுத் தூங்குறாரே, அவர் உங்க தம்பிங்களா?"